பதில்: பரடைமுக்கு ஒரு சொல் வேணும் (செவ்வாய்க்கு முன்)

கோண்டாவில், ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தர அளவையியலும் விஞ்ஞானமுறையும் வகுப்புக்கு, விஞ்ஞானம் எப்பிடி மாறுது எண்டு எழுதின தோமஸ் கூன் பற்றி நாலு பக்கக் குறிப்பு எழுதி முடிச்சிட்டன். செவ்வாய்க்கிழமை அச்சகத்துக்குக் குடுக்கவேணும். அவர்ரை 'பரடைம்' (paradigm: ஒரு துறை விஞ்ஞானியள் பொதுவாய் ஏற்று, அதுக்குள்ளை நிண்டு வேலை செய்யிற மாதிரி) எண்ட சொல்லை இவ்வளவு காலமும் 'கட்டளைப்படிமம்' எண்டுதான் படிப்பிச்சனான். போன தவணை ஒரு பிள்ளை எழுதியிருக்கிறாள்: "கட்டளைப்படிமம் என்பது விஞ்ஞானிகளுக்கு மேலிடத்தால் இடப்படும் கட்டளையாகும்." பூச்சியம் போட்டுட்டன், ஆனால் மனம் கேக்கேல்லை. வேற சொல் இருக்கோ?

மானிப்பாய், இளைப்பாறிய தமிழாசிரியர்:
பிள்ளை, சொல்லிலை பிழை இல்லை. கட்டளை எண்டால் ஆணை மட்டுமோ? செங்கல் அறுக்கிற அச்சும் கட்டளைதான். பொன் உரைக்கிற கல்லும் கட்டளைக்கல். 'கருமமே கட்டளைக் கல்' எண்டு வள்ளுவர் சொல்லேல்லையோ? கட்டளைக் கலித்துறை எண்ட பாவகையை எடுங்கோ. ஒற்றெழுத்தை நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. அதுக்குள்ளை நிண்டுதான் புலவன் விளையாடவேணும். விஞ்ஞானியும் அப்பிடித்தான். (சிலர் 16, 17 எழுத்தை எண்ணாமலே கலித்துறை எண்டு போட்டு வாழ்த்துமடல் அடிக்கினம். அதைப் பிறகு கதைப்பம்.)

சென்னை, இயற்பியல் மாணவர்:
ஐயா, அச்சு என்கிற பொருள் அகராதியில்தான் உயிரோடு இருக்கிறது. 'சிந்தனைச் சட்டகம்' என்று போட்டால் யாருக்கும் புரியும். கையோடு 'விஞ்ஞான'த்தையும் 'அறிவியல்' ஆக்கிவிடலாமே?

மானிப்பாய்:
தம்பி, பாடத்தின்ரை பேரே விஞ்ஞானமுறை. அதை விடுங்கோ. சட்டகம் எண்டால் எனக்குக் கதவுநிலைதான் ஞாபகம் வருது.

கொக்குவில், கணித ஆசிரியர்:
கையிலை வெண்ணெயை வைச்சுக்கொண்டு நெய்க்கு அலையிறம். கூன் அந்தச் சொல்லை விளக்கத் தொடங்கினதே இலக்கணத்திலிருந்துதான். இலத்தீன் வகுப்பிலை 'அமோ, அமாஸ், அமாத்' எண்டு ஒரு வினையைப் பாடமாக்கினால் மற்ற வினையளையும் அதே அச்சிலை வார்க்கலாம். இதைத் தமிழிலை வாய்பாடு எண்டுறம். செய்து, செய்பு, செய்யூ எண்டு தொல்காப்பியம் அடுக்கினதும் வாய்பாடு. யாப்பிலை வாற தேமாவைப் பாருங்கோ: தே நேர், மா நேர். நேர்நேருக்குப் பேரும் அதுதான், உதாரணமும் அதுதான். ஊசலைப் பற்றின ஒரு கணக்கைச் செய்து பழகினவன் அடுத்த கணக்கையும் அந்தக் கண்ணாலை பார்க்கிறானெல்லோ, கூன் சொன்னது அதைத்தான்.
இன்னொண்டு. யாப்பிலை அடியின்ரை அளவுக்கு வெளியிலை தனிச்சு நிக்கிற சொல்லுக்குப் பேர் என்ன? கூன்! வாய்பாட்டுக்கு அடங்காத ஒண்டுக்கு அந்த மனுசன்ரை பேர் வாய்ச்சிருக்கு.

மானிப்பாய்:
இரசித்தேன். ஆனால் வாய்பாடு எண்டவுடனை பிள்ளையள் பதினாறாம் வாய்பாடு சொல்லத் தொடங்குவினம்.

நல்லூர், சட்டத்தரணி:
கணக்கு மாஸ்டர் அதுக்கடுத்த வரியளை வாசிக்கேல்லை. விஞ்ஞானத்திலை பரடைம் அப்பிடியே திருப்பிச் சொல்லுற மாதிரி இல்லை, ஏற்றுக்கொள்ளப்பட்ட நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி, புது நிலைமையளிலை மேலும் விரிச்சும் கூர்மையாக்கியும் எடுக்கவேண்டியது எண்டு கூனே சொல்லுறார். எங்களுக்கு அதுக்குச் சொல் இருக்கு: வழமை. 1707 இலை ஒல்லாந்தர் எழுதிவைச்ச யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை நாங்கள் இண்டைக்கும் வழக்குக்கு வழக்கு விரிச்சுக்கொண்டுதானே இருக்கிறம்? ஆகவே 'துறைவழமை'. கூன் normal science எண்டு சொல்லுற, சும்மா நடக்கிற விஞ்ஞானம் வழமை விஞ்ஞானம். பிள்ளையளுக்கு விளங்காட்டி என்னைக் கேளுங்கோ.

டொரொண்டோ, இளைப்பாறிய பௌதிகவியலாளர்:
இரண்டு பேரும் சரி, அதுதான் சங்கடம். 1962 இல் கூனின் 'விஞ்ஞானப் புரட்சிகளின் அமைப்பு' (The Structure of Scientific Revolutions) என்ற புத்தகம் வந்தது. அதில் பரடைம் 21 விதமான பொருளில் வருகிறது என்று மெய்யியலாளர் மார்கரெட் மாஸ்டர்மன் எண்ணிக் காட்டினார். 1969 இல் எழுதிய பின்னுரையில் கூன் அதை இரண்டாகப் பிரித்தார்: ஒரு துறையார் பொதுவாகக் கொண்டிருப்பவை எல்லாம் ஒன்று, செய்து பழகும் முன்மாதிரிக் கணக்குகள் மற்றது. முதலாவது நல்லூர், இரண்டாவது கொக்குவில்.
மானிப்பாயில் இருந்துகொண்டு கிறீன் வைத்தியரை ஒருவரும் நினைக்கவில்லை. அங்கேயே தமிழில் மேலைமருத்துவம் படிப்பித்த அமெரிக்கர். 1822 இல் பிறந்தவர், சரியாக நூறு வருடம் கழித்துக் கூன். தமிழில் பொருந்தும் சொல் அகப்படாவிட்டால் ஒலிபெயர்த்து எழுதினார். நாங்களும் 'பரடைம்' என்றே விடலாம்.
ஆனால் அந்தப் பூச்சியத்தைத் திரும்பப் பாருங்கோ, தங்கச்சி. பௌதிகம் படித்த கூன் 1947 இல் அரிஸ்டோட்டிலை வாசித்தபோது, இவ்வளவு கெட்டிக்காரன் இயக்கத்தைப் பற்றி இப்படிப் பிழையாக எழுதுவானோ என்றுதான் முதலில் நினைத்தார். அரிஸ்டோட்டிலுக்கோ இடம் மாறுவது மட்டுமல்ல, நோயாளி சுகப்படுவதும் இயக்கம். கூன் நியூட்டனின் சொல்லை அங்கே வைத்து வாசித்தார். உங்கள் பிள்ளை பொலிஸ்காரனின் கட்டளையை இங்கே வைத்து வாசித்திருக்கிறாள்.

சென்னை:
அப்படியானால் 'சட்டகம்' யாருக்குமே வேண்டாமா?

கோண்டாவில், ஆசிரியை:
எல்லாருக்கும் நன்றி. நாளைக்குச் செவ்வாய். பிள்ளையள் இதுவரை எழுதின பயிற்சித்தாள் முழுக்கக் கட்டளைப்படிமம்தான், அதை இப்ப மாத்தேலாது. பக்கத்திலை செங்கல் அச்சு ஒண்டு கீறி, 'இங்கு கட்டளை = அச்சு' எண்டு எழுதியிருக்கிறன். முன்மாதிரிக் கணக்கு வாற இடத்திலை மட்டும் வாய்பாடு. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு புள்ளி குடுத்திட்டன்.

கொக்குவில்:
சம்மதம். களைச்சுப் போனன்.

நல்லூர்:
எனக்குச் சம்மதமில்லை எண்டதைப் பதிஞ்சு வையுங்கோ. அடுத்த பதிப்பிலை சந்திப்பம்.

மானிப்பாய்:
பிள்ளை, 'கட்டளைப்படிமம்' இடையிலை 'ப்' விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ. அச்சகக்காரர் அதைத்தான் முதலிலை தின்னுவினம்.