ஆறாவது முதல் எட்டாவது வரை வீட்டுப் படிப்பு: பாரத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்? (குமரி மாவட்டப் பெற்றோர் அனுபவப் பகிர்வு)

தக்கலை

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும்போது அஞ்சாவது வரை பாடம் லேசாகத்தான் போகும். ஆறாவது தொடங்கியதும் பள்ளிக்கூட டைம்டேபிளை அப்படியே வீட்டுச் சுவரில் ஒட்டிவிடுகிறோம், பாரம் அங்கேதான் ஏறுகிறது. 2009 கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் எட்டு வரை பள்ளிகளுக்கு வைத்த கணக்கு ஆண்டுக்கு 220 நாள், 1000 மணி நேரம். நாளுக்கு நாலரை மணி நேரம் வரும். அது முப்பது நாற்பது பிள்ளைகள் உட்காரும் வகுப்புக்கான கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க மூன்று, மூன்றரை மணி நேரம் தாராளம்.

அஞ்சு பாடத்தையும் தினமும் தொடாதீர்கள். கணக்கு 45 நிமிடம், தமிழ் 30, ஆங்கிலம் 30, இவை மட்டும் தினசரி. அறிவியல் திங்கள், வியாழன். சமூக அறிவியல் செவ்வாய், வெள்ளி. ஒவ்வொன்றும் ஒன்றேகால் மணி நேரம். அரை மணி நேரத்தில் அறிவியல் நடத்தினால் படத்தை வரைந்து முடிக்கும்போதே நேரம் போய்விடும், பாடம் அடுத்த நாளுக்குத் தொங்கும். புதன்கிழமை அந்த நேரத்தைக் காலியாக விடுங்கள். விட்டுப்போனதெல்லாம் அன்றைக்கு. அதிலும் முடியாததைச் சனிக்கிழமைக்குத் தள்ளாமல் பட்டியலிலிருந்தே அடித்துவிட வேண்டும். சனி, ஞாயிறு இரண்டும் பாக்கி தீர்க்கும் நாளாகிவிட்டால் ஒரே மாதத்தில் பிள்ளைக்குப் புத்தகமே வெறுத்துப்போகும்.

மார்த்தாண்டம்

தக்கலை அக்கா சொன்னதோடு கணக்கைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நேரம் அதிகம் கரைவது அதில்தான்.

பயிற்சியில் இருபது கணக்கு இருந்தால் இருபதையும் போடச் சொல்ல வேண்டாம். எட்டு போதும்: இரண்டு எளிது, நாலு நடுத்தரம், இரண்டு வாக்கியக் கணக்கு. எட்டுக்கே ஒரு மணி நேரம் ஆகிறதென்றால் அளவைக் குறைப்பதில் பயனில்லை. வாய்ப்பாடோ பின்னமோ அடியில் ஆடுகிறது. ஒரு வாரம் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

திருத்துவது அன்றைக்கே நடக்க வேண்டும். தப்பு என்று சிவப்புக் கோடு போடுவதோடு நிறுத்தாமல், எந்த வகைத் தப்பு என்று ஓரத்தில் குறியுங்கள். −3(x − 4) என்பதற்கு −3x − 12 என்று எழுதினால் குறியில் தப்பு. −3x − 4 என்று எழுதினால் அடைப்புக்குள் இரண்டாவது உறுப்பைப் பெருக்கவே இல்லை. 4-ஐ 9 என்று பார்த்து எழுதியிருந்தால் கவனக்குறைவு. சரியான விடை −3x + 12. முதல் வகைக்கு முழு எண் பெருக்கலில் பத்து கணக்கு கொடுக்கலாம். இரண்டாவதற்கு 3 × (10 − 4) போல எண்ணை வைத்தே மறுபடி விளக்க வேண்டும். மூன்றாவதற்குக் கட்டம் போட்ட நோட்டு கொடுத்தாலே பாதி குறையும். மூன்றுக்கும் சேர்த்து "இன்னும் பத்து போடு" என்பதுதான் பிள்ளையைச் சோர்வாக்குகிறது.

ஆறாவதும் எட்டாவதும் ஒரே வீட்டில் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கணக்கு வைக்காதீர்கள். பெரியவனுக்கு 25 நிமிடம் சொல்லிக்கொடுக்கும்போது சின்னவன் தானாகச் செய்கிற வேலையில் இருக்கட்டும், பிறகு மாற்றுங்கள்.

குலசேகரம்

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற வீடுகளில் விடியற்காலை முதல் பெரியவர் இருக்கமாட்டார். அந்த நேரத்தில் வாசிப்பு, வரைபடம், முந்தைய நாள் பயிற்சி மட்டும். புதுப் பாடம் பதினொரு மணிக்குமேல். பிள்ளையை அஞ்சு மணிக்கு எழுப்பி உட்கார வைப்பதில் லாபமில்லை, இந்த வயதில் தூக்கம் முக்கியம்.

நம்மூருக்கு இரண்டு மழை. ஜூன், ஜூலை ஒருமுறை, அக்டோபர், நவம்பர் மறுமுறை. காற்றுக்கு மரம் விழுந்து கரண்ட் போனால் வீடியோ பாடம் நின்றுவிடும். அந்த மாதங்களுக்குப் புத்தகப் பாடங்களை ஒதுக்குங்கள். வெளியில் போய்ச் செய்பவை ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை திறக்காது. மாத்தூர் தொட்டிப்பாலம், சிதறால் மலை இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். போய்வந்த அன்று சமூக அறிவியலுக்கு வேறு எழுத்து வேலை கொடுக்காதீர்கள், அந்த நாளே பாடம்தான்.

கன்னியாகுமரி

ஒரே வேலையில் மூன்று நான்கு பாடத்தை முடிக்க ஒரு வழி. நம் ஊர் 8 பாகை வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். 30 செ.மீ. நேரான குச்சியைச் சமதரையில் நட்டு, கீழே சார்ட் பேப்பர் விரித்து, 11.45 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். 12.20-ஐ ஒட்டி நிழல் அடியோடு ஒட்டிவிடும். ஒட்டாவிட்டால் பெரும்பாலும் குச்சி சாய்ந்திருக்கிறது; நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்த்தபின் நடுங்கள். புள்ளிகளை வைத்து வரைபடம் போட்டால் கணக்கு, அட்சரேகை புவியியல், ஒளி அறிவியல், செய்ததைப் பத்து வரியில் எழுதினால் தமிழ்.

கொல்லங்கோடு

எழுத்து வேலைக்கு: புக் பேக் கேள்வி அத்தனையையும் நோட்டில் எழுத வைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் வாயால் பதில், இரண்டுக்கு மட்டும் எழுத்தில். வாரம் ஒரு பத்தியை முழுசாகத் திருத்துங்கள். எல்லைப் பக்கம் வீட்டில் மலையாளம் கலந்து பேசுவதால் எழுத்தில் அது தெரியும். ஒரு வாரம் ர, ற மட்டும், அடுத்த வாரம் ந, ன, ண மட்டும் பாருங்கள். எல்லாத் தப்பையும் ஒரே நாளில் சுட்டினால் எழுதவே பயப்படுவார்கள்.

நாகர்கோவில்

சான்றிதழை ஏழாவது முடியும்போதே யோசியுங்கள். பள்ளியில் சேராமல் எழுதுகிற எட்டாம் வகுப்புத் தனித்தேர்வுக்கு 12½ வயது நிரம்பியிருக்க வேண்டும், அஞ்சு பாடமும் உண்டு. என்ஐஓஎஸ் (தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம்) பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடப்பதால் அஞ்சு பாடத்தையும் ஒரே தடவையில் எழுத அவசியமில்லை. முதலில் இரண்டு, அடுத்து மூன்று என்று பிரிக்கலாம். பதிவு ஐந்து வருடத்துக்குச் செல்லும். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் இன்ஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், விண்ணப்ப நேரத்தில் அலைவது அதற்குத்தான்.