பங்காளிகள்: உங்கள் சபையில் ஒருமனம் எங்கே வந்தது? பார்த்ததைச் சொல்லுங்கள்

பிடியரிசி அக்கா, சத்துவாச்சாரி, வேலூர்

'கிறிஸ்துவின் பாடுகளுக்குப் பங்காளிகள்' என்று பைபிளில் பேதுரு எழுதிய நிருபத்தில் வாசிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். எங்கள் பக்கம் பங்காளி என்றால் வரப்புத் தகராறில் கோர்ட் வாசலில் நிற்கிறவர். யோசித்தால் அதுவும் சரிதான். பங்கு இருக்கிறவரோடுதானே சண்டை வரும்? ரோட்டில் போகிறவரோடு நமக்கு என்ன தகராறு?

என் கதையைச் சொல்கிறேன். சபை பெயர் வேண்டாம்.

பிடியரிசி தெரியாதவர்களுக்கு: காலையில் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட வேண்டும். மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து மூட்டையில் கொட்டுவோம். பெண்கள் ஐக்கியத்தில் அந்த மூட்டைக்கு நான்தான் பொறுப்பு. ஒரு நாள் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் ஒரு அக்கா கேட்டார்: "இன்னாம்மா, எத்தினி கிலோ இருக்கும்? அளந்தியா?" அவர் கேட்டது எடையை. என் காதில் விழுந்தது 'திருடி'.

மூன்று வருஷம் பேசவில்லை. ஒரே பாயில் உட்காருவோம், ஒரே கீர்த்தனையைப் பாடுவோம். அப்பமும் ரசமும் வாங்குகிற நம் நற்கருணை ஆராதனையில் ஐயர் (எங்கள் போதகரைத்தான் அப்படிச் சொல்வோம்) தொடங்கி வரிசை வரிசையாகக் கைக்குக் கை சமாதானம் கொடுத்துக்கொண்டு வருவோம் இல்லையா? எங்கள் வரிசைக்கு அது வரும்போது நான் விரல் நுனியை மட்டும் நீட்டுவேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே தொட்டுவிட்டுப் போவார்.

அப்புறம் ஒரு அறுப்பின் பண்டிகை. முன்னூறு பேருக்குச் சாப்பாடு, சமையல்காரர் வரவில்லை. கமிட்டி ஐயாமார் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நடக்கிறார்கள். அது அவர்களுக்குப் பிடித்த வேலை. நாங்கள் பின்பக்கம் போய் அடுப்பைப் பற்றவைத்தோம். வாங்கி வைத்த அரிசி போதவில்லை. பிடியரிசி மூட்டையை அவிழ்த்தேன். ரேஷன் அரிசி, பொன்னி, இட்லி அரிசி எல்லாம் கலந்து கிடக்கிறது. இதை வடித்தால் ஒன்று குழையும், ஒன்று விதை விதையாக நிற்கும். கையில் அள்ளிப் பார்த்தபடி நின்றுவிட்டேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "அதை எதுக்கு வடிக்கற? பருப்போட போட்டுக் குழைய விட்டுடு, சாம்பார் சாதமா கிளறிடலாம்" என்றார். மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. ஏலத்துக்கென்று யாரோ படைத்திருந்த இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ஒரு கூடை இருந்தது. அதையும் ஐயரிடம் கேட்காமலே அரிந்து போட்டார். அண்டாவில் துடுப்பைப் போட்டுக் கிளற ஒருத்தியால் ஆகவில்லை. ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் நான். பாதிக் கிளறலில் கேட்கிறார்: "எத்தினி கிலோ போட்ட?"

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புகையா, வேறா, தெரியாது. மன்னிப்பு என்ற வார்த்தையை இருவருமே சொல்லவில்லை. இன்றைக்கு மூட்டையை அவர்தான் தராசில் வைக்கிறார், நான் நோட்டில் எழுதுகிறேன். சண்டை இப்போதும் உண்டு, ஆனால் பேசிக்கொண்டே.

பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களை ஒரே சிந்தையாயிருக்கச் சொல்கிறார் பவுல். சபையே கேட்க வாசிக்கிற கடிதத்தில், பெயரைச் சொல்லி! எங்கள் ஐயர் அப்படி வாசித்திருந்தால் நான் வேறு சபைக்குப் போயிருப்பேன். ஆனால் யார் மேல் தப்பு என்று பவுல் எழுதவில்லை. இருவரும் தன்னோடுகூடச் சுவிசேஷத்துக்காகப் பாடுபட்டவர்கள் என்று மட்டும் எழுதுகிறார். துடுப்புப் பிடித்த பிறகுதான் அந்த வசனம் எனக்குப் புரிந்தது.

கோட்டை வாசல்

அக்கா, எங்கள் வீட்டில் இது தாத்தா காலத்துக் கதை. அவர் ஆற்காடு மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அமெரிக்கச் சீர்திருத்த சபையார் 1853-ல் தொடங்கிய மிஷன் அது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் இணைந்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆனது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஆறு வாரம்தான். காகிதத்தில் இணைந்தாயிற்று, முழங்கால் இணைய வேண்டாமா? நற்கருணையை உட்கார்ந்தபடி வாங்கியே பழகிய தாத்தா, வேலூர்க் கோட்டைக்குள் 1846-ல் கட்டிய ஆங்கிலிக்கன் வழக்கத்து யோவான் ஆலயத்துக்குப் போனால் எப்போது எழுவது, எப்போது முழங்கால் போடுவது என்று தடுமாறுவாராம். பக்கத்தில் இருந்த பெரியவர் ஒவ்வொரு முறையும் வேட்டி நுனியை லேசாக இழுத்துக் காட்டுவாராம். அந்தப் பெரியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் பாத்திரம் போனது. இறையியல் தகராறு எப்போது தீர்ந்தது என்று தாத்தா சொன்னதே இல்லை.

காட்பாடி ஸ்டேஷன்

என்னுடையது சின்ன அனுபவம். வைத்தியத்துக்காக மிசோரமிலிருந்து வந்த ஒரு குடும்பம் எங்கள் தமிழ் ஆராதனைக்கு வந்தது. அப்பா, அம்மா, தலையில் முடி கொட்டிப்போன ஒரு பையன். பிரசங்கம் முழுக்கப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள், பாவம், எனக்கே நீளம்தான். மேல்நாட்டு மெட்டில் பாடுகிற பாமாலைப் பாட்டு ஒன்று தொடங்கியதும் அந்த அம்மா தலை நிமிர்ந்தார். மெட்டு அவர்களுக்கும் தெரிந்தது. அவர்கள் மொழியில், ஆல்டோவில் (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடினார். எங்கள் குவயரில் பல வருஷமாக ஆல்டோவுக்கு ஆள் இல்லை. பாடகர் குழுத் தலைவர் ஜெபம் முடிவதற்குள் போய் அவரை முன்னால் கூப்பிட்டுவிட்டார். ஆறு வாரம் பாடினார். 1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க டாக்டர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவ வேலையை (இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை) பின்னால் பல சபைகள் கூடித் தாங்கியதால்தான் இப்படிப்பட்டவர்கள் நம் ஊருக்கு வருகிறார்கள் என்று ஐயர் அன்று சொன்னார். பையனுக்குக் குணமானதா என்று எனக்குத் தெரியாது. டிக்கெட் கிடைத்ததும் போய்விட்டார்கள்.

குடியாத்தம் தம்பி

எல்லாம் நன்றாக இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். பந்தியில் ஒன்றாக உட்காருகிறோம், ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறோம். பெண் கொடுக்க, எடுக்க மட்டும் 'நம்ம ஆளுங்களா?' என்று கேட்கிறோமே, அதற்கு எந்த அண்டாவில் துடுப்புப் போடுவது?

பிடியரிசி அக்கா

தம்பி, கோபம் இல்லை. எழுதத்தான் வெட்கமாக இருக்கிறது. என் பெரியவனுக்குப் பெண் பார்த்தபோது அந்தக் கேள்வியை முதலில் கேட்டது தரகர் இல்லை, நான்தான். சின்னவனுக்கு இன்னும் பார்க்கவில்லை.