அணு எங்கே ஒட்டவேண்டும்? – ட்ரெட்நாட் நீர்மூழ்கிகளுக்குத் தமிழ்ச்சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரிட்டன் கட்டிக்கொண்டிருக்கும் ட்ரெட்நாட் நீர்மூழ்கிகளைப் பற்றித் தமிழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து நாளாக முதல் வரியிலேயே நிற்கிறேன். அந்த வரி: "பிரிட்டன் நான்கு புதிய அணு ஏவுகணை நீர்மூழ்கிக் கப்பல்களைக் கட்டுகிறது." மேலோட்டமாகப் படித்தால் குறையில்லை. ஆனால் இந்த "அணு" எதைச் சேர்ந்தது? கப்பலை ஓட்டும் அணு உலையையா, ஏவுகணையின் தலையில் இருக்கும் அணுகுண்டையா?

ட்ரெட்நாட்டில் இரண்டும் உண்டு என்பதால் அந்த வரி எப்படியோ தப்பிவிடுகிறது. அடுத்த பத்தியில்தான் மாட்டிக்கொள்கிறேன். ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றும் 2021 செப்டம்பரில் அறிவித்த ஆக்கஸ் உடன்பாட்டின்படி ஆஸ்திரேலியாவுக்குக் கிடைக்கப்போகும் நீர்மூழ்கிகள் அணு உலையால் ஓடுபவை. அணு ஆயுதம் ஏந்தாதவை. அவற்றையும் "அணு நீர்மூழ்கி" என்று எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். கேட்ட மூன்று பேரும் அணுகுண்டு சுமக்கும் கப்பல் என்றே எடுத்துக்கொண்டார்கள். நாளிதழ் வாசகரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். ஒரு நாட்டின் கையில் அணுகுண்டு இருக்கிறதா இல்லையா என்பதை ஒரு அடைமொழி மாற்றிச் சொல்லிவிடுகிறது. இதை அப்படியே விட எனக்கு மனமில்லை.

கடற்படைகள் இந்தக் கப்பல்களுக்கு எஸ்.எஸ்.பி.என். என்ற குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. முதலிரண்டு எழுத்துகள் நீர்மூழ்கியைக் குறிக்கும். பி என்பது பாலிஸ்டிக் ஏவுகணை. கடைசியில் நிற்கும் என் என்பது அணுவால் ஓடுவது. குண்டைப் பற்றி அந்தக் குறியீடு வாயே திறப்பதில்லை. ஆக, தமிழிலும் "அணு" கப்பலின் ஓட்டத்தோடுதான் ஒட்டவேண்டும். அதற்கு "அணுவிசை" என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். அணுசக்தி என்று எழுதலாம்தான். ஆனால் அது மின்நிலையத்துக்கும் போகிறது, "அணுசக்தி நாடு" என்று ஆயுதத்துக்கும் போகிறது. "விசை" அப்படியல்ல. விசைப்படகு, விசைத்தறி என்று நாம் அன்றாடம் சொல்கிறோம். எது ஓட்டுகிறது என்பதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. விசைப்படகு புரிந்தவருக்கு அணுவிசை நீர்மூழ்கியும் புரியும்.

அடுத்தது "பாலிஸ்டிக்". இதுதான் என்னை அதிகம் படுத்தியது. "கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை" என்பது தூரத்தைச் சொல்கிறதே தவிர, போகும் விதத்தைச் சொல்லவில்லை. ட்ரெட்நாட் சுமக்கப்போகும் ட்ரைடென்ட் 2 ஏவுகணைக்குத் திட எரிபொருள் அடுக்குகள் மூன்று. அவை சில நிமிடங்களில் எரிந்து தீர்ந்துவிடும். அதற்கப்புறம் பாதையின் பெரும்பகுதியை, கையை விட்டுப் போன கல்லைப்போல, பெற்ற வேகத்தாலும் புவியின் இழுப்பாலும்தான் கடக்கிறது. பாலிஸ்டிக் என்ற சொல்லே எறிதல் என்னும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. கல் வீசும் பழைய போர்ப்பொறிக்கும் அதே வேர்தான். இன்னொன்றையும் சொல்லவேண்டும். நீருக்கடியில் இந்த ஏவுகணை குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்வதில்லை. நீராவியின் அழுத்தம் அதைக் குழாயிலிருந்து மேலே எறிகிறது. நீர்ப்பரப்பைக் கிழித்து வெளியே வந்தபிறகுதான் முதல் அடுக்கு பற்றுகிறது. ஆக முதலில் கப்பல் எறிகிறது, பின்பு ஏவுகணை தன்னைத்தானே எறிந்துகொள்கிறது. "எறி" என்ற வேரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. எறிகணை என்று வைக்கலாமா?

அப்புறம் மொத்தக் கப்பலுக்கும் ஒரு குறுஞ்சொல் வேண்டும். பிரிட்டிஷ் மாலுமிகள் "பாம்பர்" என்கிறார்கள், அமெரிக்கர்கள் "பூமர்" என்கிறார்கள். எதிரிக் கப்பலைத் தேடிப்போகும் தாக்குதல் வகைக்கு "வேட்டைமூழ்கி", இதற்குக் "கணைமூழ்கி" என்று இணையாக வைத்தால் செவிக்கு நன்றாக இருக்கிறது.

கடைசியாக, ஒரே வரைபடப்படி கட்டும் கப்பல்களின் தொகுதியைக் குறிக்கும் "கிளாஸ்". வகுப்பு என்றால் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருகிறது. வகை என்றால், ஏவுகணை சுமக்கும் நீர்மூழ்கி என்பதே ஒரு வகை. அதற்குள் ட்ரெட்நாட் இன்னொரு வகை என்று எழுத முடியாது. ரகம் நெல்லுக்கும் துணிக்கும் பொருந்துகிறது, கப்பலுக்கு ஒட்டவில்லை. ஒரே வரைபடத்தில் பிறந்த கப்பல்கள் என்பதால் "வார்ப்பு" என்று யோசித்தேன்: ட்ரெட்நாட் வார்ப்பு. அதில் முதலில் கட்டப்படுவது தலைச்சன் கலம், மற்றவை உடன்கலங்கள்.

இந்தச் சொல் அவசியம் என்பதற்கு ட்ரெட்நாட் என்ற பெயரே சாட்சி. 1906இல் நீரில் இறங்கிய போர்க்கப்பலுக்கு அந்தப் பெயர். அது வந்த வேகத்தில் பழைய போர்க்கப்பல்கள் அத்தனையும் காலாவதியாகிவிட, அதைப்போன்ற எல்லா நாட்டுக் கப்பல்களையும் "ட்ரெட்நாட்" என்றே அழைத்தார்கள். 1960 அக்டோபர் 21, பிரிட்டிஷ் கடற்படை தன் பழைய வெற்றியொன்றை நினைவுகூரும் ட்ரஃபால்கர் நாளன்று, பிரிட்டனின் முதல் அணுவிசை நீர்மூழ்கி நீரில் இறங்கியது; அதற்கும் அதே பெயர்தான், உள்ளே இருந்தது மட்டும் அமெரிக்க உலை. 2016இல் அதே அக்டோபர் 21 அன்று, அதுவரை "சக்சசர்" என்ற திட்டப்பெயரில் இருந்த புதிய நீர்மூழ்கிகளுக்கு அந்தப் பெயரை மீண்டும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரே சொல் ஒரு தனிக்கப்பலுக்கும் ஒரு தலைமுறைக்கும் ஒரு வார்ப்புக்கும் பெயராக நிற்கும்போது, பக்கத்தில் சரியான பொதுச்சொல் இல்லாவிட்டால் தமிழ் வாசகர் எந்த ட்ரெட்நாட் என்று தவித்துப்போவார்.

உடன்பிறப்புகளின் பெயரை வைத்தும் ஊகிக்க முடியாது. முன்பு இருந்த ஏவுகணை நீர்மூழ்கிகளின் பெயர்கள் ரிசல்யூஷன், ரிப்பல்ஸ், ரினௌன், ரிவெஞ்ச் என்று எல்லாம் ஒரே ஆங்கில எழுத்தில் தொடங்கின. இப்போது ஓடும் வேன்கார்ட், விக்டோரியஸ், விஜிலன்ட், வெஞ்சன்ஸ் நான்கும் அப்படியே. ட்ரெட்நாட்டின் உடன்கலங்களோ வேலியன்ட், வார்ஸ்பைட், ஆறாம் ஜார்ஜ் மன்னர். எழுத்து உறவு இங்கே அறுந்துவிட்டது.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

*

தம்பிக்கு,

கடிதம் கண்டேன். அணுவிசைக்கு என் முழுச் சம்மதம். இதை நீங்கள் ஒருவர் விடாமல் எழுதத் தொடங்கினாலே பாதிக் குழப்பம் தீரும். மற்றவற்றில் எனக்குத் தடை இருக்கிறது.

எறிகணையை விட்டுவிடுங்கள். நான் ஈழத்தில் பிறந்தவன். எங்களுக்கு எறிகணை என்றால் பீரங்கியிலிருந்து வந்து விழும் குண்டு. அந்தச் சொல்லைக் கேட்டாலே பதுங்குகுழி நினைவுக்கு வருகிற ஒரு தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்களிடம் போய் "இது வேறு எறிகணை" என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. "எறி" வேண்டுமென்றால் "எறிபாதை ஏவுகணை" என்று எழுதுங்கள். பெயர் பாதையைச் சொல்கிறது. உங்கள் கல் உவமையும் அதில் அப்படியே இருக்கிறது.

கணைமூழ்கியில் இலக்கணம் இடறுகிறது. நீர்மூழ்கி என்பதை எப்படி விரிக்கிறீர்கள்? நீரில் மூழ்குவது. அந்தப் பழக்கத்தில் கணைமூழ்கியைப் படிப்பவர் கணையில் மூழ்குவது என்றுதான் விரிப்பார். தயிர்க்குடம்போல, கணையை உடைய மூழ்கி என்று விரிக்கலாமே என்பீர்கள். அதற்கு முதலில் "மூழ்கி" தனிச்சொல்லாக மக்கள் வாயில் நிற்கவேண்டும். இன்னும் நிற்கவில்லை. நாளிதழ்கள் பல வருடமாக விமானந்தாங்கிக் கப்பல் என்று எழுதிவருகின்றன. யாருக்கும் புரியாமல் போனதில்லை. அதே தடத்தில் "ஏவுகணைதாங்கி நீர்மூழ்கி" என்று போங்களேன். எங்கள் பக்கம் தனியாகத் "தாங்கி" என்றால் தண்ணீர்த் தொட்டியும் போர் டாங்கியும்தான். ஆனால் ஏவுகணையோடு சேர்ந்து வரும்போது அந்தக் குழப்பம் எழாது.

வார்ப்பும் வேண்டாம். கப்பல் கட்டும் பட்டறையில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் சொல்கிறேன். வார்ப்பு என்றால் எங்களுக்கு வார்ப்பிரும்பு. அதில் நீர்மூழ்கியின் கூடு செய்தால் ஆழத்தில் வெடித்துப்போகும். உருக்குத் தகட்டை வளைத்து வளையமாக்கி, வளையத்தோடு வளையம் பற்றவைத்துத்தான் அந்தக் கூடு வருகிறது. "வரிசை" என்று சொல்லுங்கள்: ட்ரெட்நாட் வரிசை, வேன்கார்ட் வரிசை. வரிசைக்கு முதலாவது, இரண்டாவது உண்டு. உங்கள் தலைச்சனும் அதில் பொருந்தி வருவான். தலைச்சன் கலம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. 2025 மார்ச் 20 அன்று பாரோ கப்பல் தளத்தில் ட்ரெட்நாட்டுக்கு நடந்த "கீல்" வைக்கும் விழாவை எப்படி எழுதப்போகிறீர்கள்? கப்பலின் அடிமரத்துக்கு நம் தச்சர்கள் சொல்லும் பெயர் ஏரா. முதலில் ஏராவை வைப்பார்கள், அதன்மேல் விலாபோல வங்குகளை நிறுத்துவார்கள், அதன்மேல் பலகை. ஏரா வைத்த நாள்தான் கப்பல் பிறந்த நாள். ட்ரெட்நாட்டுக்கு முதல் தகட்டை வெட்டியது 2016இலேயே. எட்டு வருடத்துக்கு மேல் வேலை நடந்தபிறகுதான் ஏரா விழா வந்தது. வெறுமனே "ஏரா வைத்தார்கள்" என்று எழுதினால் வேலையே அன்றுதான் தொடங்கியது என்று என்னைப் போன்றவர்கள் நினைத்துக்கொள்வோம். பார்த்து எழுதுங்கள்.

*

அன்புள்ள அண்ணா,

எறிகணை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்தச் சொல்லை வரைவு முழுவதிலும் தேடி எடுத்துவிட்டேன். அது எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். எறிபாதை ஏவுகணை என்றே வைக்கிறேன். கணைமூழ்கியை விட மனசில்லைதான், ஆனால் நீங்கள் விரித்துக் காட்டியபின் எனக்கும் அது கணைக்குள் மூழ்குவதாகவே கேட்கிறது.

வரிசை என்ற சொல் நீங்கள் சொன்னதைவிட இன்னும் ஒரு படி கூடுதலாகவே உதவுகிறது. அமெரிக்காவின் கொலம்பியா வரிசையைப் பாருங்கள். அதன் தலைச்சனுக்கும் முதலில் கொலம்பியா என்றுதான் பெயர். ஆனால் அதே பெயரில் ஒரு தாக்குதல் நீர்மூழ்கி இன்னும் பணியில் இருந்ததால், 2022இல் தலைச்சனின் பெயரை டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா என்று மாற்றினார்கள். வரிசையின் பெயர் மட்டும் கொலம்பியாவாகவே நின்றுவிட்டது. பொதுச்சொல் தெளிவாக இருப்பதால், "கொலம்பியா வரிசையின் தலைச்சன் டிஸ்ட்ரிக்ட் ஆஃப் கொலம்பியா" என்று தயங்காமல் எழுதமுடிகிறது. இரண்டு நாட்டு வரிசைகளும் நான்கு நான்கு குழாய்களாகக் கட்டிய ஒரே மாதிரியான ஏவுகணைப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன; கொலம்பியாவில் 16 குழாய்கள், ட்ரெட்நாட்டில் 12. அந்தக் குழாய்களின் பற்றவைப்பில் 2018இல் குறை கண்டுபிடித்துத் திரும்பச் செய்யவேண்டி வந்தது. கூட்டைப் பற்றி நீங்கள் சொன்னதைப் படிக்கும்போது அதுதான் நினைவுக்கு வந்தது.

பெயர்களை மொழிபெயர்க்கலாமே என்று தனிமடலில் சிலர் கேட்டார்கள். ட்ரெட்நாட் என்றால் எதற்கும் அஞ்சாதது. தறுகண் என்ற நம் பழஞ்சொல் அதற்கு அச்சாகப் பொருந்தும், அது எனக்கும் தெரியும். ட்ரைடென்டைத் திரிசூலம் என்றும் சொல்லலாம். ஆனாலும் பெயர் கப்பலுக்குச் சொந்தம். நாம் ஆக்குவது பொதுச்சொற்களை மட்டும். தறுகண் என்று ஒருவர் எழுதினால் அதைத் தேடிப்போகும் வாசகர் எந்தக் கப்பலையும் கண்டடைய மாட்டார். பொருளை ஒருமுறை விளக்கத்தில் சொல்லிவிட்டு, பெயரை அப்படியே எழுதுவோம்.

சொற்களைத் தனியாகப் பார்த்து முடிவு செய்வதைவிட ஓட்டிப் பார்ப்பது நல்லது. திருத்திய தொடக்கப் பத்தி இதோ. எங்கே கல் தட்டுகிறது என்று சொல்லுங்கள்:

"பிரிட்டன் நான்கு அணுவிசை ஏவுகணைதாங்கி நீர்மூழ்கிகளைக் கட்டிவருகிறது. ட்ரெட்நாட் வரிசை என்று பெயர். 1969 ஏப்ரலிலிருந்து பிரிட்டனின் ஏவுகணைதாங்கி நீர்மூழ்கிகளில் ஒன்றாவது எப்போதும் கடலுக்கடியில் காவலில் இருந்துவருகிறது. அந்தக் காவலை இன்றைய வேன்கார்ட் வரிசையிடமிருந்து புதிய வரிசை 2030களில் ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொன்றும் 153.6 மீட்டர் நீளம், 17,200 டன் எடை. எறிபாதை ஏவுகணைகளுக்கு 12 குழாய்கள். தலைச்சன் கலமான ட்ரெட்நாட்டுக்கு பாரோ-இன்-ஃபர்னஸ் கப்பல் தளத்தில் முதல் தகட்டை வெட்டியது 2016இல். வளையம் வளையமாகக் கூடு வளர்ந்துகொண்டிருந்த நிலையில், 2025 மார்ச் 20 அன்று மரபுப்படி ஏரா விழா நடந்தது."