சனிக்கிழமை சாயங்காலம் ரம்மி மேசை: இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

காட்பாடி கேரம்:
மன்றத்து நோட்டீஸ் போர்டைப் பார்த்திருப்பீர்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் காசு வைத்து ஆடும் ரம்மியை நிறுத்திவிட்டு, உறுப்பினர்கள் வீட்டாரோடு வந்து கேரம், செஸ், ஆடுபுலி, காசில்லாத சீட்டு ஆடட்டும் என்று கமிட்டி யோசிக்கிறது. பொதுக்குழுவில் ஓட்டுக்கு வரப்போகிறது. என் ஓட்டு ஆதரவாகத்தான். மாடியில் ஏசி இருக்கும் ஒரே அறையை ரம்மிக்காரர்கள் பட்டா போட்ட மாதிரி வைத்திருக்கிறார்கள். வேலூர் மே மாதத்தில் கீழ் ஹாலில் உட்கார்ந்து கேரம் ஆடிப் பாருங்கள், விரல் வியர்த்து ஸ்ட்ரைக்கரே நிற்காது. 2024-ல் சென்னைப் பெண் காசிமா உலகப் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய பிறகு, கேரம் கற்றுக்கொள்கிறோம் என்று பசங்க வருகிறார்கள். அவர்களை எங்கே உட்கார வைப்பது?

பதிமூணு சீட்டு:
தம்பி, ஏசி வேண்டுமென்றால் ஏசியைக் கேளுங்கள், ரம்மியை ஏன் இழுக்கிறீர்கள்? ஃபேன் போட்டால் சீட்டு பறக்கும். அதனால்தான் அந்த அறையை எங்களுக்குக் கொடுத்தார்கள்.

காசில்லாத ரம்மி என்கிறீர்களே, சரி, விளக்கமாகவே சொல்கிறேன். கையில் வந்த பதிமூன்றில் ஜோக்கர் இல்லை, ரம்மி, அதாவது ஒரே இனத்தில் வரிசையாக வரும் சீட்டுகள், சேரும் வழியும் தெரியவில்லை. முதலிலேயே ஸ்கூட் அடித்தால், அதாவது அந்த ஆட்டத்தை விட்டு விலகினால், 20 தண்டப் புள்ளியோடு போகும். ஒரு சுற்று பார்த்துவிட்டு அடித்தால் 40. பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும்போது எதிராளி டிக் அடித்து, தன் சீட்டெல்லாம் சேர்ந்துவிட்டது என்று காட்டிவிட்டால், ஜோக்கர் சேராத ரம்மி ஒன்றுகூட இல்லாதவருக்கு 80 வரை ஏறும். ஆட்டமே இந்த மூன்று எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. காசு இல்லாவிட்டால் யார் ஸ்கூட் அடிப்பார்கள்? எல்லோரும் கடைசி வரை சீட்டை உருவிக்கொண்டே இருப்பார்கள். எதிராளி எதை எடுத்தார், எதைக் கழித்தார் என்று கவனிக்கக்கூட மாட்டார்கள். அதற்கு வீட்டில் பிள்ளைகளோடு கழுதைச் சீட்டு ஆடலாம்.

சத்துவாச்சாரி அக்கா:
அந்த அறையை நாங்கள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை சார். சந்தா மட்டும் குடும்பச் சந்தா.

காட்பாடி கேரம்:
ஸ்கூட் அடிக்கக் காசு எதற்கு அண்ணா? 101 பூல் ஆடுங்கள். புள்ளி 101 ஆனால் வெளியே போக வேண்டும். மற்றவர்கள் ஆடும்போது எழுந்துபோய் டீ குடிக்கிற வெட்கம் போதாதா? 20-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசம் அதில் அப்படியே இருக்கிறதே.

பதிமூணு சீட்டு:
வெட்கப்பட்டவர் அடுத்த வாரம் வரமாட்டார். காசு விட்டவர்தான் திரும்ப வருவார்.

சத்துவாச்சாரி அக்கா:
பிரச்சினையே அதுதான் சார்! நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பதிமூணு சீட்டு:
சிரிக்க வேண்டாம் அம்மா. ரம்மி சூதாட்டம் அல்ல, திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 1967 நவம்பரில் தீர்ப்பான சத்தியநாராயணா வழக்கு. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்று கணக்குப் போட வேண்டும், அதற்குத் திறமை வேண்டும் என்று தெளிவாகவே இருக்கிறது. மூணு சீட்டைத்தான் வெறும் அதிர்ஷ்டம் என்றார்கள். நாங்கள் மூணு சீட்டு ஆடவில்லை.

வேலப்பாடி வக்கீல்:
அண்ணன் பாதித் தீர்ப்போடு நிறுத்திவிட்டார். அது செகந்திராபாத்தில் ஒரு கிளப் மேல் போட்ட வழக்கு. அங்கே ஆடுபவர்களிடம் சிறு தொகை உட்காரும் கட்டணமாக வாங்கியதும், சீட்டுக்கட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்கியதும் நடத்தும் செலவுக்குத்தான், லாபம் அல்ல என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் பணம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து கிளப் லாபம் பார்க்கிறது என்று நிரூபணமானால் குற்றம் நிற்கலாம் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. அந்த வரியை யாரும் எடுத்துக் காட்டுவதே இல்லை.

ஆன்லைன் ரம்மிச் சட்டத்தை இதோடு குழப்ப வேண்டாம். தமிழ்நாடு 2022-ல் கொண்டுவந்த சட்டம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தடை, எல்லாமே செல்போன் ஆட்டம் பற்றியவை. நம் மேசைக்கு அவை பொருந்தாது.

பதிமூணு சீட்டு:
லாபமா? நல்ல கதை. நாங்கள் கொடுக்கும் மேசைக் கட்டணத்தில்தான் கரண்ட் பில்லே கட்டுகிறார்கள். கேரம் பவுடர் யார் காசில் வருகிறது என்று தம்பி கமிட்டியில் கேட்டுப் பார்க்கட்டும்.

வேலப்பாடி வக்கீல்:
அண்ணே, இதை இப்படிப் பொதுவில் எழுதாதீர்கள். நான் சொன்ன வரி இதற்குத்தான்.

துருப்பு 28:
இரண்டு பக்கமும் ரம்மியையே பிடித்துத் தொங்குகிறீர்கள். சீட்டு என்றால் ரம்மி மட்டும்தானா? இருபத்தெட்டு ஆடுங்கள். ஏழிலிருந்து ஆஸ் வரை 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே கூட்டாளி. ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. நாலு இனத்துக்கும் சேர்த்தால் 28. ராஜாவும் ராணியும் வெத்து. ஜாக்கியிடம் ராஜா உதை வாங்குகிற ஆட்டம் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

முதல் நாலு சீட்டைப் பார்த்ததுமே கேள்வி கேட்க வேண்டும், அதாவது ஏலம் கூற வேண்டும். பதினாலில் தொடங்கி, இத்தனை எடுப்பேன் என்று வாய்விட்டுச் சொல்லி, துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தின் சீட்டை, கவிழ்த்து வைக்க வேண்டும். மீதி நாலு சீட்டு வந்த பிறகு மாற்ற முடியாது. சொன்னதை எடுக்காவிட்டால் கூட்டாளி முகத்தில் எப்படி விழிப்பது? இங்கே கேள்விதான் பந்தயம், காசு வைத்து எதைக் கூட்டப்போகிறீர்கள்? இது சின்னதாகத் தெரிந்தால் 304 ஆடுங்கள். சீட்டு வரிசை அதேதான், ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ராஜா ராணிக்குக்கூட 3, 2 என்று உண்டு.

பதிமூணு சீட்டு:
இருபத்தெட்டு எனக்கும் தெரியும். அதில் கூட்டாளிகள் போடும் சத்தத்தில் கீழே செஸ் ஆடும் பசங்க ஓடிப்போவார்கள்.

சத்துவாச்சாரி அக்கா:
செஸ் மேசையைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோங்கள், முடிந்தது. கேரம் சத்தமும் இல்லை, சீட்டுச் சத்தமும் இல்லை. ஆடுபுலிக்கு ஒரு சாக்பீஸும் தரையும் போதும், மூன்று புலி, பதினைந்து ஆடு, என் மாமியார் வந்து எல்லோரையும் கட்டிப் போட்டுவிட்டுப் போவார். அந்த ஏசி அறையில் யாருக்கு எத்தனை மணி நேரம் என்று மட்டும் கமிட்டி எழுதித் தரட்டும். என் ஓட்டு அதைப் பார்த்துத்தான்.

பதிமூணு சீட்டு:
சனிக்கிழமை ஒரு நாள் இருபத்தெட்டு என்றால் நானும் வருகிறேன். ஆனால் ஏசி அறையில்தான். கேரம் போர்டு மாடி ஏறினால் என் ஓட்டு எதிர்ப்பு.

காட்பாடி கேரம்:
ஆடுகளம் 74 செ.மீ.தான் அண்ணா. சட்டத்தோடு தூக்கினாலும் படியில் தாராளமாக ஏறும், அளந்து பார்த்துவிட்டேன்.