தரம் 6 மகளுக்கு எந்தத் தற்காப்புக் கலை? கொக்குவில் பக்கத்தில் வகுப்புத் தேடுகிறேன்

கொக்குவில் அம்மா
எல்லோருக்கும் வணக்கம். மகளுக்குப் பதினொரு வயது. புலமைப்பரிசில் பரீட்சைச் சுமை முடிந்துவிட்டது, இனி உடம்புக்கும் ஏதாவது பழகட்டும் என்று நினைக்கிறேன். ரியூசன் முடிந்து பொழுதுபடும் நேரத்தில் சைக்கிளில் வருகிறாள். மோட்டார் சைக்கிளில் பெடியன்கள் பின்னால் வந்து தொந்தரவு செய்ததாக அவளுடைய சிநேகிதி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டதில் இருந்து எனக்கு நிம்மதி இல்லை.

விசாரித்ததில் மூன்று இடம் அகப்பட்டது. எங்கள் சனசமூக நிலைய மண்டபத்தில் கிழமைக்கு இரண்டு பின்னேரம் கராத்தே. யாழ் நகரத்தில் ஜூடோ, ஆனால் ஓட்டோவில்தான் கூட்டிக்கொண்டு போய் வர வேண்டும். ஞாயிறு காலையில் ஒரு கோயில் வீதியில் சிலம்பம், பெரும்பாலும் பெடியன்கள்தான் வருகிறார்களாம். இவருக்கு இது எதிலும் விருப்பமில்லை, அந்த நேரத்துக்கு இங்கிலிஷ் வகுப்புக்கு விடலாம் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதில் சேர்க்கலாம்?

வடலி
அக்கா, ஜூடோதான். இரண்டாவது யோசனையே வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். கராத்தே வகுப்புகள் பலவற்றில் பிள்ளைகள் வரிசையாக நின்று காற்றில் குத்துகிறார்கள். எதிரே யாரும் இல்லை. ஜூடோவில் முதல் மாதமே ஒருவர் உங்கள் சட்டையைப் பிடித்து இழுப்பார். நீங்கள் இழுபடாமல் நிற்கப் பார்ப்பீர்கள். அதை ரண்டோரி என்பார்கள், இரண்டு பேரும் முழு மூச்சாக மோதிப் பழகுவது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் கோடோகான் என்ற தன் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியபோது செய்த பெரிய வேலையே அதுதான். ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையின் ஆபத்தான அடிகளை இந்தப் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்தார். மிஞ்சிய வீசுதலையும் பிடியையும் அடக்கி வாசிக்காமல் முழுப் பலத்தோடு பழக அதனால்தான் முடிகிறது. கையைப் பிடிக்கிறவனிடமிருந்து விடுபட வேண்டுமென்றால், உண்மையாகவே பிடிக்கிற ஒருவரோடுதான் பழக வேண்டும்.

மருதடி
நான் வலிகாமத்தில் பல வருடம் பிள்ளைகளுக்குக் கராத்தே பழக்கியவன். தம்பி வடலி, காற்றில் குத்துவது அடிப்படைப் பயிற்சி மட்டுமே. குமித்தே என்ற பகுதியில் ஆள் எதிரே நிற்பார். குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் உதைக்கு 2, தலைக்குப் போகும் உதைக்கு 3. எதிராளி அசைவதற்கு முன் தூரத்தைக் கணிக்கப் பிள்ளை அதில்தான் படிக்கிறது. யாரோ கிட்ட வருகிறான் என்பதை இரண்டு அடி முன்னதாகவே உணர்வது சின்ன விஷயம் இல்லை.

அக்கா, நீங்கள் எழுதியதில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்றுதான்: கராத்தே வகுப்பு வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நகரத்துக்கு ஓட்டோ பிடித்துப் போகும் வகுப்பு மழைக்கு ஒருநாள், திருவிழாவுக்கு ஒருநாள், தவணைப் பரீட்சைக்கு இரண்டு கிழமை என்று விட்டுப்போகும். எந்தக் கலையாக இருந்தாலும் ஒழுங்காகப் போகாத பிள்ளைக்கு அதில் ஒன்றும் ஒட்டாது.

வடலி
மாஸ்டர், உங்கள் அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். புள்ளிக் குமித்தேயில் அடி பட்டவுடன் நடுவர் நிறுத்திவிடுவார். தெருவில் யார் நிறுத்துவார்? தலைமுடியைப் பிடித்து இழுக்கிறவனுக்கு இடமும் தூரமும் கொடுத்து நிற்க முடியாது.

இணுவில் நர்ஸ்
ஜூடோவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. ஜப்பானில் 1983க்குப் பின் வந்த முப்பது வருடங்களுக்குள் பள்ளிக்கூட ஜூடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். பலர் தலையில் அடிபட்டு இறந்தவர்கள், அதிலும் புதிதாகச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். ஜூடோ பிறந்த நாட்டிலேயே இப்படி நடந்திருக்கிறது.

நம் ஊர் மண்டபங்களின் தரை எல்லாம் சீமெந்து. மேலே பாயை விரித்துவிட்டு வீசிப் பழக்கினால் என்ன ஆகும்? நான் வேலை செய்கிற இடத்தில் விளையாட்டில் மணிக்கட்டு முறிந்து வரும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். விழும்போது கையை ஊன்றுவதுதான் காரணம்.

வடலி
அந்தக் கணக்கு உண்மை. அதனால்தான் ஜப்பானில் பிறகு பயிற்றுநர்களுக்கான விதிகளை இறுக்கினார்கள். 2022இல் ஆரம்பப் பள்ளி மாணவர்களின் தேசியத் தனிநபர்ப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். எதிராளியின் காலைப் பின்பக்கமாக வாரி மல்லாக்க விழுத்தும் ஒசோத்தோகாரி என்ற வீசுதலில்தான் பின்தலை அடிபடுவது அதிகம்.

ஆனால் அக்கா, கையை ஊன்றாமல் விழப் பழக்குவதே ஜூடோவின் முதல் பாடம். நாடியை நெஞ்சோடு ஒட்டி, பார்வையை இடுப்புப் பட்டி முடிச்சில் வைத்து, முதுகு வட்டமாக உருள, உள்ளங்கையும் முன்கையும் ஒன்றாக மெத்தையில் அறைய வேண்டும். முதலில் குந்தியிருந்து, பிறகு நின்று, அதற்குப் பிறகுதான் இன்னொருவர் வீசி விழுவது. இதைப் பழகிய பிள்ளை சைக்கிளில் இருந்து விழுந்தாலும் கையை ஊன்ற மாட்டாள். நல்ல மாஸ்டர் கிழமைக் கணக்காக இதை மட்டுமே செய்விப்பார். முதல் நாளே வீசச் சொல்கிற இடமென்றால் நானே வேண்டாம் என்பேன். மெத்தை தடிப்பாக, துண்டுகளுக்கு இடையில் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

கம்புக்காரன்
ஜப்பானையே சுற்றிக்கொண்டிருக்கிறீர்களே, நம்முடைய கலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சிலம்பத்தைக் கோயில் ஊர்வலத்தில் தீப்பந்தம் சுழற்றுகிற வேடிக்கை என்று நினைக்கிறார்கள். அது முழுமையான போர்க்கலை.

நெற்றி உயரத்துக்கு ஒரு மூங்கில் கம்பு. செலவு அவ்வளவுதான். சீருடை, பட்டி, மெத்தை ஒன்றும் தேவையில்லை. சுழற்றத் தொடங்கும் முன் காலடி பழக்குவோம். எந்தக் கால் எங்கே வைப்பது, எப்படித் திரும்புவது, நாலு பக்கமும் ஆள் நின்றால் எப்படி முகம் கொடுப்பது என்று. பல பேரை ஒரே நேரத்தில் எதிர்கொள்ளப் பழக்கும் கலை இது. பிடித்து உருளும் கலையில் அதற்கு வழி ஏது?

பெடியன்கள்தான் வருகிறார்கள் என்று தயங்க வேண்டாம் அக்கா. ஒரு பெண்பிள்ளை வந்தால் அடுத்த மாதம் நாலு பேர் வருவார்கள்.

மருதடி
சிலம்பத்தில் எனக்கும் மதிப்பு உண்டு. என்றாலும் ரியூசனுக்குப் போகிற பிள்ளை நெற்றி உயரக் கம்போடு போக முடியாது அல்லவா?

கம்புக்காரன்
கம்பு இல்லாவிட்டால் குடை, சைக்கிள் பம்ப். மணிக்கட்டில் ஏறிய பழக்கம் கையில் எது இருந்தாலும் வேலை செய்யும். கால் பழகியிருந்தால் வெறுங்கையோடும் விலகலாம்.

ஸ்காபரோ தம்பி
இதெல்லாம் பழைய கதை. இங்கே கனடாவில் பிள்ளைகளைப் தரையில் பிடித்து மடக்கும் பிரேசிலியன் ஜுஜுட்சுவுக்கும், முய் தாய் என்ற தாய்லாந்துக் குத்துச்சண்டைக்கும்தான் விடுகிறார்கள். கராத்தேயை ஒலிம்பிக்கே கைவிட்டுவிட்டது. டோக்கியோவில் ஒருமுறை வந்தது, 2024 பாரிஸில் இல்லை.

தாமரை நல்லூர்
தம்பி, ஒலிம்பிக்கில் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துக் கொக்குவிலில் ஒரு பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று தீர்மானிக்க முடியாது. அக்காவின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மூன்று வகுப்பு. அதைப் பற்றிக் கதைப்போம்.

நான் பள்ளிக்கூட நாளில் கராத்தே பழகியவள், இப்போது ஆசிரியை. இங்கே எழுதிய ஆண்கள் எல்லோரும் சண்டையில் எது வெல்லும் என்று கேட்கிறீர்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறவனோடு பதினொரு வயதுப் பிள்ளை சண்டை பிடிக்கப் போவதில்லை. பிடிக்கவும் கூடாது. சத்தம் போட வேண்டும், பக்கத்துக் கடைக்குள்ளோ வீட்டுக்குள்ளோ நுழைய வேண்டும், வீட்டில் வந்து மறைக்காமல் சொல்ல வேண்டும். வகுப்பு எனக்குத் தந்தது அடி இல்லை, குரல். கராத்தேயில் அடிக்கும்போது கியாய் என்று கத்தச் சொல்வார்கள். முதல் நாள் வாயைத் திறக்க வெட்கப்பட்ட பிள்ளைகள் தவணை முடிவதற்குள் மண்டபம் அதிரக் கத்துவதைப் பார்த்திருக்கிறேன். பெண்பிள்ளைகளை மெதுவாய்க் கதை என்று வளர்க்கிற ஊரில் அது பெரிய காரியம்.

அடுத்தது மாஸ்டர். எந்தக் கலை என்பதை விட இதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். பெற்றோர் உள்ளே இருந்து பார்க்கலாமா? நிலையைத் திருத்தும்போது பிள்ளையைத் தொட வேண்டி வந்தால் சொல்லிவிட்டுத் தொடுகிறாரா? வகுப்பு முடிந்தபின் தனியாக நிற்கச் சொல்கிறாரா? பெற்றோரை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்துகிற வகுப்புக்கு, அவர் எத்தனை கிண்ணம் வென்றவராக இருந்தாலும், பிள்ளையை விடாதீர்கள். தவறாக எதையாவது கண்டால் சிறுவர் உதவி இலக்கம் 1929. யோசித்துக்கொண்டு இருக்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

மருதடி
தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி. பயிற்றுநர்கள் இதைக் குறையாக எடுக்கக் கூடாது. நான் எப்போதும் கதவைத் திறந்து வைத்துத்தான் பழக்கினேன்.

ஒரு மேலதிகத் தகவல். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தர் இருப்பார். கழகம் பதிவு செய்ததா, மாஸ்டருக்குப் பயிற்றுநர் சான்றிதழ் இருக்கிறதா என்று அவரிடம் கேட்கலாம். இங்கே விளையாட்டுச் சங்கங்கள் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ்தான் இயங்குகின்றன. கேட்பது உங்கள் உரிமை, ஒருவரும் குறை நினைக்க மாட்டார்கள்.

இணுவில் நர்ஸ்
பட்டிக் காசைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். என் அக்காவின் மகன் போன வகுப்பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரப் பரீட்சை என்று காசு கேட்டார்கள். மஞ்சள், செம்மஞ்சள், பச்சை என்று பட்டி மாறியதே தவிர பிள்ளைக்கு ஒழுங்காக ஒரு உதை வரவில்லை.

மருதடி
அது பிழையான நடத்தை, நியாயப்படுத்த மாட்டேன். பட்டிக்குப் பின்னால் பயிற்சி இருக்க வேண்டும். ஜூடோவில் கானோ தொடங்கிய டான் என்ற உயர் தரமுறையைத்தான், கராத்தேயை ஜப்பானில் பரப்பிய ஃபுனாகோஷி 1924இல் கராத்தேக்கு எடுத்து முதல் கறுப்புப் பட்டிகளைக் கொடுத்தார். கறுப்புப் பட்டி என்றால் முதலாம் டான், அடிப்படை படித்து முடித்தவர் என்பதே பொருள். இரண்டு வருடத்தில் சின்னப் பிள்ளைக்குக் கறுப்புப் பட்டி தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் விலகி வாருங்கள். சேரும்போதே மாதக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், சீருடை, போட்டிச் செலவு நாலையும் தனித்தனியாகக் கேட்டு எழுதி வையுங்கள்.

வடலி
கட்டண விஷயத்தில் மாஸ்டரோடு நானும் ஒரே பக்கம். ஆனால் தாமரை அக்கா, குரல் மட்டும் போதும் என்பது போல எழுதிவிட்டீர்கள். கையைப் பிடித்தபிறகு என்ன செய்வது? அந்த நொடியில் உறைந்துபோகாமல் இருக்க, பிடிபட்டுப் பழகியிருக்க வேண்டும்.

தாமரை நல்லூர்
போதும் என்று நான் எழுதவில்லை, முதலில் வேண்டியது அது என்றேன். பிடிபட்டுப் பழகுவது நல்லதுதான். அதற்கும் பிள்ளைக்கு விருப்பம் இருக்க வேண்டும். ஆட்கள் மேலே விழுந்து இழுப்பது சில பிள்ளைகளுக்குத் துப்புரவாகப் பிடிக்காது. கொக்குவில் அக்கா, மகள் என்ன சொல்கிறாள்? இவ்வளவு நேரமும் அவளை ஒருவரும் கேட்கவில்லை.

கொக்குவில் அம்மா
எல்லோருக்கும் நன்றி. இதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கம்பு சுழற்றத்தான் ஆசையாம், ஆனால் பெடியன்களுக்கு நடுவில் தனியாக நிற்க வெட்கமாம். விழப் பழகுகிற பகுதியை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். இவரும் நர்ஸ் அக்கா எழுதியதைப் பார்த்துவிட்டு, எங்கே போனாலும் தரையை முதலில் தான் பார்ப்பேன் என்கிறார். இங்கிலிஷ் வகுப்புக் கதையை இப்போதைக்கு விட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கராத்தே வகுப்பில் போய் இருந்து பார்க்கப் போகிறோம். ஞாயிறு சிலம்பத்துக்கு அவளுடைய சிநேகிதியும் வருகிறாள். ஜூடோ மாஸ்டருக்கு ஃபோன் எடுத்தேன். சனிக்கிழமை காலையிலும் வகுப்பு இருக்கிறதாம், பெற்றோர் உள்ளே இருக்கலாம் என்றார். பார்க்கப் போகும்போது என்ன உடுப்பு?

வடலி
சனிக்கிழமை காலை என்றால் இருட்டுப் பிரச்சினையும் இல்லை! சாதாரண ட்ராக் சூட் போதும் அக்கா. கை, கால் நகம் வெட்டி, தோட்டைக் கழற்றி, தலைமுடியைத் துணி ரப்பரால் கட்டி விடுங்கள். கிளிப் வேண்டாம். தண்ணீர்ப் போத்தல் பெரிதாக ஒன்று.

கம்புக்காரன்
ஞாயிறு ஆறரைக்கே வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் மணல் சுடும். கம்பு வாங்க வேண்டாம், அங்கே சின்ன ஆட்களுக்கு அளவானது இருக்கும். சிநேகிதியின் அம்மாவையும் கூட்டி வாருங்கள்.