'மேக்' என்ற ஆங்கில வினைக்குச் 'செய்' என்ற பொருள் போதுமா?

கேள்வி (ஹட்டன்):
அனைவருக்கும் வணக்கம். சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். 'தவறு செய்தேன்' என்பதை ஒரு மாணவி 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று எழுதியிருந்தாள். 'டிட்' என்பதை வெட்டி 'மேட்' என்று நான் திருத்தியதும், "இரண்டுக்கும் 'செய்' என்றுதானே சொல்லித் தந்தீர்கள், டீச்சர்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை. இவ்விரண்டையும் எவ்வாறு பிரித்து விளக்கலாம்?

பதில் 1 (பண்டாரவளை):
வணக்கம் டீச்சர். 'மேக்' என்பதை 'ஆக்கு' என்று சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். சோறு ஆக்கும்போது அரிசி சோறாகிறது அல்லவா? அதுபோல, இல்லாத ஒன்று உண்டாகும்போதும், ஒன்று வேறொன்றாகும்போதும் 'மேக்' வரும். தவறும் தீர்மானமும் நம்மால் உண்டாகுபவை என்பதால் அவற்றுக்கும் 'மேக்'தான்; வீட்டுப்பாடம், சலவை போன்று வேலையே முதன்மையாகும் இடங்களில் 'டூ' வரும். படுக்கையை ஒழுங்குபடுத்துவதற்கு 'மேக்' வருவது போன்ற சிலவற்றை மட்டும் மனனம் செய்தே ஆகவேண்டும். தமிழில் ரொட்டி சுடுகிறோம், கூடை முடைகிறோம், தேத்தண்ணி ஊற்றுகிறோம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் 'மேக்' என்றே சொல்லலாம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள்.

பதில் 2 (தலவாக்கலை):
தேயிலைத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஓர் உதாரணம் தருகிறேன். வீட்டில் 'மேக் டீ' என்றால் தேத்தண்ணி ஊற்றுவது. எங்களுக்கோ, கொழுந்தை வாட்டி, அரைத்து, புளிக்கவிட்டு, உலர்த்தி, சலித்துத் தரம்பிரித்த பின் கிடைக்கும் தேயிலைதான் 'மேட் டீ'. அதற்குப் பொறுப்பானவரே டீமேக்கர். ஏறத்தாழ 4.5 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து 1 கிலோ கிடைக்கும். கொழுந்து அடையாளமே தெரியாமல் மாறிவிடுவதால் 'மேட் ஃப்ரம்' என்போம். மேசையில் பலகை பலகையாகவே தெரிவதால் அது 'மேட் ஆஃப்'.

பதில் 3 (நானுஓயா):
முன்னைய பதில்களுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 'என்னைக் காத்திருக்க வைத்தார்' என்பதில் வரும் 'வை'யும் 'மேக்'தான். 'ஹீ மேட் மீ வெயிட்' என்பதில் 'டு' வராது. செயப்பாட்டு வினையில் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்று வந்தே தீரும். இந்த ஒரு 'டு'வினால் மாணவப் பருவத்தில் நான் புள்ளிகளை இழந்திருக்கிறேன். அடுத்து 'மேக் அவுட்'. மூடுபனி இறங்கிய காலையில், மேடையில் நின்றுகொண்டே எங்கள் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துகளைக் கண் இடுக்கிப் பார்த்து மெல்ல இனங்காண்கிறோமே, அதுதான் 'மேக் அவுட்'.