காசல்ரீ நீர்த்தேக்க வரைபடத்தை வட்டங்களால் நிரப்பி அலகு வட்டத்துக்குள் அடுக்கினால் அதன் நீண்ட கைகள் மட்டும் கிழிகின்றன. உதவி தேவை

நோர்வூட்_பையன்:
காசல்ரீயின் கரையை வரைபடத்திலிருந்து எடுத்து, உள்ளே ஒரே அளவு வட்டங்களைத் தேன்கூடு மாதிரி நிரப்பினேன். எது எதைத் தொடுகிறது என்பதை அப்படியே வைத்து, ஆரைகளை மட்டும் மாற்றி, முழுவதையும் அலகு வட்டத்துக்குள் (ஆரை 1) அடுக்கப் பார்க்கிறேன். 1985இல் கணிதவியலாளர் தேர்ஸ்டன் சொன்ன யோசனைதான். வட்டங்கள் சிறிதாகச் சிறிதாக இந்தப் படமாக்கல், கோணங்கள் மாறாமல் உருவத்தை வட்டமாக்கும் ரீமானின் பகுமுறைச் சார்பை நெருங்கும் என்று ரொடினும் சலிவனும் 1987இல் நிறுவினார்கள்.

சதுரத்துக்கு அழகாக வருகிறது. நீர்த்தேக்கத்தில் நடுப்பகுதியும் சரி. மலைகளுக்கு நடுவே நீளும் கைகளில்தான் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகின்றன. ஒரே வட்டத்தை இரண்டு வழியாகப் போய் வைத்தால் இரண்டு இடத்தில் விழுகிறது. அங்கே ஆரைகளும் நம்ப முடியாத அளவு சிறிது. பைதனில், சாதாரண யூக்ளிட் ஆரைகளில்தான் கணக்கு. இரண்டு இரவு போய்விட்டது, அதில் ஒன்று கரண்ட் இல்லாத இரவு.

கொழுந்துக்கூடை:
தம்பி, ஒற்றை வட்ட அகலத்தில் வால் ஏதும் தொங்குகிறதா? ஒன்றையொன்று தொடும் மூன்று வட்டங்களின் மையங்கள் ஒரு முக்கோணம், அப்படி எந்த முக்கோணத்திலும் சேராத வட்டத்துக்கு இடம் நிலையாகாது. இல்லாவிட்டால் தசம இடம் போதாமல் இருக்கலாம்.

நோர்வூட்_பையன்:
வால்களை முதலிலேயே வெட்டிவிட்டேன் அண்ணே. இரட்டைத் துல்லியம்தான் பாவிக்கிறேன்.

கணக்கு_அக்கா:
தம்பி, எப்போது நிறுத்தச் சொல்லியிருக்கிறீர்கள்? கையில் கரையோரம் அல்லாத ஒவ்வொரு வட்டத்தின் மையத்தையும் சுற்றிய முக்கோணக் கோணங்களின் கூட்டுத்தொகையையும் அச்சிட்டுப் பாருங்கள்.

நோர்வூட்_பையன்:
எந்த ஆரையும் 0.000001க்கு மேல் மாறாவிட்டால் நின்றுவிடும். கோணம் பார்த்தேன் அக்கா. 2π, அதாவது 6.283 வர வேண்டிய இடத்தில் ஒன்று 5.71!

கணக்கு_அக்கா:
அதுதான் விஷயம். கோணம் குறைவு என்றால் அந்த வட்டம் இன்னும் பெரிதாக இருக்கிறது, சுருங்க வேண்டும். ஆனால் அதன் ஆரையே உங்கள் எல்லையை விடச் சிறியதாகிவிட்டால், பாதியாகச் சுருங்கினாலும் புரோகிராமுக்கு அது மாற்றமே இல்லை. வேலை முடிந்தது என்று நின்றுவிடுகிறது. ஆரை மாற்றத்தைப் பார்க்காதீர்கள், 2π-யிலிருந்து கோணம் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். கோணத்துக்கு வட்டம் பெரிதா சிறிதா என்பது தெரியாது, மூன்று ஆரைகளின் விகிதம் மட்டும்தான் கோசைன் விதிக்குள் போகிறது.

ஆரை சிறிதாவது பிழை இல்லை. இரண்டு கரையும் இணையாகப் போகும் ஒரு கையில் அதன் அகலத்தளவு உள்ளே போனால் சார்பின் பெறுதி e-இன் π அடுக்கால், அதாவது சுமார் 23ஆல், வகுபடும். ஐந்து அகலம் போனால் ஏறக்குறைய 66 லட்சத்தில் ஒரு பங்கு. வட்டத்தின் ஆரை மாறும் விகிதம்தான் பெறுதியின் அளவு என்பதால் வட்டங்களும் அப்படியே குறுக வேண்டும். நேரான ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள்.

முடிந்தால் அதிபரவளையக் கேத்திரகணிதத்துக்கு மாறுங்கள். ஓரத்து வட்டங்களின் ஆரை அங்கே முடிவிலி. ஆரை h என்றால், அந்த h-க்குப் பதில் e-இன் −h அடுக்கை வைத்துக்கொண்டால் அது வெறும் 0. கைக்குள் இருக்கும் வட்டங்களும் அந்த அளவையில் தூசியாகாது. ஓரத்தை நெருங்க நெருங்க தூரமே நீள்கிறது இல்லையா?

கொழுந்துக்கூடை:
நான் சொன்ன தசமம் வீண். சரி, எனக்கும் ஒரு பாடம்.

நோர்வூட்_பையன்:
நிறுத்தும் நிபந்தனையை மட்டும் மாற்றினேன். பழைய லெப்டொப், நாற்பது நிமிடம் ஓடியது. இப்போது எந்த வழியாகப் போனாலும் வட்டம் ஒரே இடத்தில்தான் விழுகிறது. நேரான துண்டில் விகிதம் 21க்கும் 25க்கும் இடையில் ஆடுகிறது. நன்றி அக்கா.

ஒன்று மட்டும். கைகள் சரியாக அடங்கிவிட்டன, ஆனால் படத்தில் ஓரத்தில் ஒரு புள்ளியாகத்தான் தெரிகின்றன. பெரிதாக்கிப் பார்க்க வழி உண்டா?

கணக்கு_அக்கா:
கையின் நடுவட்டம் ஒன்றை மையத்துக்குக் கொண்டுபோகும் மோபியஸ் உருமாற்றத்தைப் போடுங்கள். தொடுகைகள் எதுவும் குலையாது.

நோர்வூட்_பையன்:
போட்டேன். கை விரிந்து திரையை நிறைத்துவிட்டது. மிச்ச நீர்த்தேக்கம் முழுவதும் இப்போது எதிர் ஓரத்தில் ஒரு புள்ளி.